வாங்குவதா, தேடி எடுப்பதா, அடித்துச் செய்வதா: புதிதாக இரும்படிப்பவரின் முதல் கருவிகள்

இரும்படிக்கப் பழக நினைப்பவர்களின் முதல் கேள்வி அநேகமாகப் பட்டடையை, அதாவது காய்ந்த இரும்பை மேலே வைத்து அடிக்கும் கனத்த அடிக்கட்டையைப் பற்றித்தான் இருக்கும். எத்தனை கிலோ, கொம்பு ஒன்றா இரண்டா, வார்ப்பா உருக்கா என்று மாதக்கணக்கில் விசாரிப்பார்கள். அதற்குள் ஆசை ஆறிப்போகும். இன்னொரு வகையினர் ஒரே நாளில் முழுத் தொகுப்பையும் வாங்கிவிடுவார்கள். அதில் பாதி, வந்தபோது சுற்றியிருந்த எண்ணெய்த் தாளோடு அப்படியே கிடக்கும். மூன்றாவது வகையினரை எனக்குப் பிடிக்கும், ஆனால் அவர்களைப் பார்த்தால் கொஞ்சம் பயமும் உண்டு. கொல்லன் என்றால் தன் கருவியைத் தானே செய்ய வேண்டும் என்று சபதம் எடுத்துக்கொண்டு, சுத்தியலைப் பிடிக்கவே பழகாத கையால் சுத்தியல் செய்யக் கிளம்புகிறவர்கள் அவர்கள்.

வாங்குவது, பழைய இரும்பில் தேடி எடுப்பது, தானே செய்வது என வழிகள் மூன்று. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக, "இது மட்டமாக அமைந்துவிட்டால் எது கெடும்?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பட்டடை மட்டமானால் உழைப்பில் ஒரு பங்கு வீணாகும், அவ்வளவுதான். சுத்தியல் மட்டமானால் மணிக்கட்டும் முழங்கையும் நோகும், செய்யும் பொருளின் மேல் வடுவும் விழும். குறடு மட்டமானால் பழுக்கக் காய்ந்த இரும்பு காலில் விழும். காசை எங்கே போடுவது, நேரத்தை எங்கே போடுவது என்பதை இந்த வித்தியாசமே முடிவு செய்கிறது.

சுத்தியல்: வாங்குங்கள்

சுத்தியலில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. முதல் சுத்தியலைச் செய்யப் பார்க்காதீர்கள். ஒரு தலை செய்ய ஏறக்குறைய 40 மி.மீ. கனமுள்ள நடுத்தரக் கார்பன் உருக்குக் கட்டை வேண்டும். அந்தக் கனம் உள்ளேவரை சூடேற நல்ல பெரிய உலை வேண்டும். காம்பு நுழையும் துளையைச் சூட்டிலேயே குத்தி, நீள்வட்டமாக விரித்து, நடுக்கோடு பிசகாமல் முடிக்க வேண்டும். அதற்குத் துளையுளியும் விரிப்பு உருளையும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும், சம்மட்டி அடிக்க ஓர் ஆளும் வேண்டும். துளை இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் அந்தச் சுத்தியல் ஒவ்வோர் அடியிலும் கையைத் திருகும்.

எடையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 800 கிராமிலிருந்து 1 கிலோ வரை போதும். ஒன்றரை, இரண்டு கிலோ சுத்தியல் வேலையைச் சீக்கிரம் முடிக்கும் என்பது முதல் பத்து அடிகளுக்குத்தான் உண்மை. அதன்பின் குறி தவறும். குறி தவறாத சின்னச் சுத்தியல் ஒரு மணி நேரத்தில் நகர்த்தும் இரும்பு, குறி தவறும் பெரிய சுத்தியல் நகர்த்துவதைவிட அதிகம்.

வடிவத்தில் ஒரு பக்கம் தட்டை முகமும் மறுபக்கம் காம்புக்குக் குறுக்கே கிடக்கும் மழுங்கிய மூக்கும் கொண்ட ரகம் மிகவும் பயன்படும். அந்த மூக்கால் அடித்தால் இரும்பு ஒரே திசையில் பரவும். கம்பியை அகலமாக்கவோ நீளமாக்கவோ அந்தக் குணம்தான் தேவை. மெக்கானிக்குகள் வைத்திருக்கும் குண்டு மூக்குச் சுத்தியலும் தொடங்குவதற்குப் போதும். ஆணி பிடுங்கும் தச்சுச் சுத்தியல் மட்டும் வேண்டாம். அது எடை குறைந்தது, ஆணியடிக்கவென்று செய்யப்பட்டது. கெட்டியான உருக்கில் ஓங்கி மோதினால் அதன் விளிம்பு சிதறித் தெறிக்கலாம்.

புதிதாக வாங்குவதற்கும் பழையதைத் தேடுவதற்கும் இடையே கேட்டால், பழைய தலைக்குப் புதிய காம்பு போட்டுக்கொள்வது ஒரு நல்ல நடுவழி. தலையில் விரிசல் இருக்கிறதா, முகத்தின் விளிம்பு உடைந்திருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள். புதியதோ பழையதோ, முகத்தை அப்படியே பயன்படுத்தக் கூடாது. கடைச் சுத்தியலின் முகம் தட்டையாகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்கும். சற்றுச் சாய்த்து அடித்தாலே இளகிய இரும்பில் பிறை வடிவ வடு விழும். கிரைண்டரிலும் பிறகு உப்புத்தாளிலும் தேய்த்து, ஓரத்தை உருட்டி, முகத்துக்கு மிக லேசான குவிவு கொடுக்க வேண்டும். தேய்க்கும்போது சூடேறிப் பதம் போய்விடாதபடி அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். காம்பு தடிமனாக இருந்தால் இழைத்து மெலிதாக்கி, மேலே பூசிய வார்னிஷைச் சுரண்டிவிடுங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டிய காம்புதான் முழங்கை வலிக்கு முதல் காரணம்.

பட்டடை: தேடி எடுங்கள்

இங்கே காசு போடுவது பெரும்பாலும் தேவையற்றது. பட்டடைக்கு வேண்டியது இரண்டே குணங்கள்: அடியின் கீழே போதுமான எடை, அடியைத் திருப்பித் தரும் கெட்டித்தன்மை. முனையில் நீளும் கொம்பும் துணைக்கருவிகளைச் செருகும் சதுரத் துளையும் வசதிக்கானவை. அவை இல்லாமலும் கொக்கி, ஆணி, உளி, சின்னக் கத்தி என்று வெகுதூரம் போகலாம்.

கொம்பு, துளை எல்லாம் உள்ள முறையான உருக்குப் பட்டடை 50 கிலோவுக்கு மேல் கிடைத்தால், அதை வாங்க வசதியும் இருந்தால், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆபத்து அதற்குக் கீழே உள்ள தட்டில் இருக்கிறது. பார்க்க அச்சு அசலாகப் பட்டடை போலவே இருக்கும், பளபளப்பாகச் சாயம் பூசியிருக்கும், ஆனால் உள்ளே வெறும் வார்ப்பிரும்பு. இதற்கு எளிய சோதனை உண்டு. பேரிங்கில் இருக்கும் உருக்குக் குண்டு ஒன்றை 25 செ.மீ. உயரத்திலிருந்து முகத்தின் மேல் விடுங்கள். நல்ல பட்டடையில் அது 18 செ.மீ. அளவுக்காவது திரும்ப எழும்பும். வெறும் வார்ப்பிரும்பில் பாதிக்கும் கீழேயே அடங்கிவிடும். அந்தப் போலிப் பட்டடையைவிடப் பழைய இரும்புக் கடையில் கிடக்கும் ஒரு கனத்த உருக்குக் கட்டை எவ்வளவோ மேல். 10 செ.மீ. சதுரமும் 25 செ.மீ. நீளமும் கொண்ட கட்டையே கிட்டத்தட்ட 20 கிலோ இருக்கும். அதை நட்டமாக நிறுத்தி மரக்கட்டையில் பதித்தால், சிறு வேலைகளுக்கு அதன் எடை முழுவதும் அடிக்கு நேர் கீழே நிற்கும்.

தண்டவாளத் துண்டுதான் எல்லாரும் தேடும் பொருள். ஆனால் எல்லாரும் அதைப் படுக்க வைத்துப் பயன்படுத்துகிறார்கள். படுத்த நிலையில் தலைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே இருப்பது மெல்லிய இடுப்பு. அது வில்லைப்போல அசைந்து அடியின் வேகத்தை விழுங்கிவிடுகிறது. அதே துண்டை நட்டமாக நிறுத்துங்கள். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில் 30 செ.மீ. துண்டு என்றால் 18 கிலோவும் சுத்தியலுக்கு நேர் கீழே தூண்போல நிற்கும். அடிக்கும் பரப்பு சுருங்கும் என்பது உண்மைதான். ஆனால் 1 கிலோ சுத்தியலின் முகமே அதைவிடச் சிறியது. வெட்டிய முனையை மட்டமாகத் தேய்த்து ஓரங்களில் ஒன்றைக் கூராகவும் மற்றொன்றை உருண்டையாகவும் விட்டுக்கொண்டால் மடிக்கவும் வளைக்கவும் அதுவே போதும். இருப்புப்பாதை ஓரமாகக் கிடக்கும் துண்டு ஆதரவற்றுக் கிடப்பதாக நினைத்துவிட வேண்டாம், அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார். ரசீதோடு பழைய இரும்பாக விற்கப்படுவதையே வாங்குங்கள்.

இவை எதுவும் கிடைக்காவிட்டால் 5 கிலோ சம்மட்டித் தலை ஒன்றைக் காம்பு இல்லாமல் மரக்கட்டையில் பாதிவரை பதித்துக்கொள்ளலாம். சிறியதுதான், ஆனால் அது உண்மையான கெட்டி உருக்கு. எதை வைத்தாலும் உயரம் முக்கியம். கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால் விரல் கணு எந்த உயரத்தில் நிற்கிறதோ, பட்டடையின் முகம் அங்கே இருக்க வேண்டும். பட்டடை கட்டையோடு சேர்ந்து ஆடக் கூடாது. தளர்ந்து ஆடும் பெரிய பட்டடையைவிட இறுகப் பதித்த சின்ன பட்டடை நன்றாக வேலை செய்யும்.

உலை: கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் எரிபொருளை முதலில் தீர்மானியுங்கள்

மரக்கரி, நிலக்கரி, எரிவாயு என்ற மூன்றில் எது உங்களுக்கு எளிதாகவும் தொடர்ந்தும் கிடைக்குமோ அதற்கேற்ற உலைதான் உங்கள் உலை. மரக்கரி சுத்தமான எரிபொருள், கந்தகத் தொல்லை கிடையாது. மெல்லிய காற்றிலேயே 12 மி.மீ. கம்பியை மஞ்சள் சூட்டுக்குக் கொண்டுபோகும். ஆனால் வேகமாகத் தீரும், பொறி பறக்கும். நிலக்கரி நின்று எரியும். தொடக்கப் புகையும் அடியில் கட்டிதட்டும் கசடும் அதன் விலை. அக்கம்பக்கம் நெருக்கமாக இருந்தால் புகையே வேலையை நிறுத்திவிடும். எரிவாயு உலை சீரான சூடு தரும். திருகைத் திறந்தால் ஆயிற்று. ஆனால் கம்பியின் நடுவே ஒரு சிறு பகுதியை மட்டும் சூடாக்குவது அதில் சிரமம், பர்னரும் வாங்கித்தான் ஆக வேண்டும்.

என் சாய்வு மரக்கரிப் பக்கம். ஒரு மரப்பெட்டி, அது நிறையக் களிமண் கலந்த மண், நடுவில் தோண்டிய பள்ளம், பக்கவாட்டில் நுழையும் ஓர் இரும்புக் குழாய், அதன் முனையில் காற்று, இவ்வளவுதான் உலை. குழாய்வாய் 20 முதல் 25 மி.மீ. போதும். கம்பியைக் குழாய்க்கு ஒட்டி வைக்காதீர்கள். காற்றுவாய்க்கு ஏறக்குறைய 8 செ.மீ. மேலே, மேலும் கீழும் தணல் மூடிய நிலையில் இருக்க வேண்டும். காற்றுக்கு நேர் எதிரே வைத்தால் கம்பி சூடேறுவதைவிட அதிகமாகச் செதில் கட்டும், அதாவது மேற்பரப்பு காற்றில் எரிந்து உரியும்.

காற்றுக்குத் துருத்தி செய்வது அழகான வேலைதான், ஆனால் அது தனி வேலை. கையால் சுற்றும் காற்றூதி கிடைத்தால் மற்றதை விட்டு அதை எடுங்கள். சுற்றுவதை நிறுத்தினால் காற்று நிற்கும், கரியும் மிஞ்சும், கவனம் தவறிய கம்பியும் எரிந்துபோகாது. பழைய ஹேர் டிரையர் வேலை செய்யும், ஆனால் மரக்கரிக்கு அதன் காற்று மிக அதிகம். குழாயில் ஒரு துளையிட்டு உபரிக் காற்றை வெளியேற்ற வேண்டும். உலைக்குள் ஆற்றுக்கல்லோ சிமெண்டுக் கட்டியோ வைக்காதீர்கள், உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெடிக்கும். துத்தநாகம் பூசிய குழாயும் கூடாது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிப்பது, உலை அதைத் தாண்டுவது. அந்த வெண்புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும். மூன்று எரிபொருள்களுக்கும் பொதுவானது கார்பன் மோனாக்சைடு என்பதால் மூடிய அறையில் எந்த உலையும் வேண்டாம்.

குறடு: முதலில் இல்லாமலே, பிறகு ஒன்று வாங்கி, அதன்பின் நீங்களே

குறட்டில்தான் மூன்று வழிகளும் நிஜமாகப் போட்டியிடுகின்றன.

ஆரம்பத்தில் குறடே வேண்டாம் என்பது சோம்பேறித்தனம் அல்ல. 60 செ.மீ. நீளமுள்ள கம்பியின் ஒரு முனையைச் சூடாக்கி அடித்தால் மறுமுனையே கைப்பிடி. சூடு கைக்கு ஏற ஏறப் பின்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொள்ளலாம். கொக்கியோ உளியோ முழுதாக முடிந்தபின் வெட்டிப் பிரித்துக்கொள்ளலாம். பொருளைப் பிடிக்கும் தொல்லை இல்லாததால் கவனம் முழுவதும் அடியின் மேல் இருக்கும். முதல் சில வாரங்களுக்கு இதைவிட நல்ல குறடு இல்லை.

பிறகு ஒரு நாள் 15 செ.மீ. துண்டைப் பிடிக்க வேண்டிய கட்டாயம் வரும். அப்போது பலர் பிளையரை எடுக்கிறார்கள். பிளையர் குட்டை, அதனால் கை நெருப்புக்கு அருகே போகும், அதன் அலகும் சூட்டில் பதம் இழந்துவிடும். இந்தக் கட்டத்தில் ஒரே ஒரு நல்ல குறடு வாங்குவது நியாயமான செலவு என்பது என் கருத்து. நீங்கள் அதிகம் அடிக்கும் கம்பியின் அளவுக்கு, உதாரணமாக 10 அல்லது 12 மி.மீ. சதுரத்துக்கு, அலகு பொருந்தும் ரகமாகப் பாருங்கள். பல அளவைப் பிடிப்பதாகச் சொல்லும் குறடு எந்த அளவையும் முழுதாகப் பிடிப்பதில்லை. பிடி நழுவும் குறட்டைப் பயன்படுத்துவதைவிட வேலையைத் தள்ளிப்போடுவது மேல்.

இரண்டாவது குறட்டை நீங்களே செய்ய வேண்டும். பணத்தை மிச்சம் பிடிக்க அல்ல. தட்டுதல், முறுக்குதல், நீட்டுதல், தறையாணி (இரண்டு துண்டுகளைக் கோத்து முனையை அடித்து விரிக்கும் ஆணி) அடித்தல், அளவுக்குப் பொருத்துதல் என்று இந்த வேலையின் அடிப்படைகள் அத்தனையும் ஒரே பொருளில் வருவது குறட்டில்தான். முழுமையான குறடு அடிப்பது கடினமாகத் தோன்றினால் முறுக்குக் குறட்டில் தொடங்குங்கள். 25 மி.மீ. அகலமும் 6 மி.மீ. கனமும் 50 செ.மீ. நீளமும் கொண்ட இரண்டு மென்னெஃகுப் (கார்பன் குறைந்த சாதாரண இரும்பு) பட்டைகள் போதும். முனையில் ஐந்தாறு செ.மீ. அலகுக்கு விட்டு, அதற்குப் பின்னால் சிவக்கச் சூடாக்கிக் கால் சுற்று முறுக்க வேண்டும். அதற்குப் பின்னே துளையிட்டு 8 மி.மீ. தறையாணி. எஞ்சிய நீளம் கைப்பிடி, அதன் அகலத்தை அடித்துக் குறுக்கிக்கொள்ளலாம்.

இரண்டு பாதிகளும் ஒரே திசையில் முறுக்கப்பட வேண்டும். கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல எதிரெதிராக முறுக்கினால் அவை குறடாகச் சேராது. குறட்டின் இரு பாதிகளும் அச்சு மாறாத இரட்டைகள், ஒன்றைத் திருப்பிப் போடுவதால்தான் எதிரெதிராகின்றன. இதை அடிக்கும் முன் அட்டையில் வெட்டிப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

தறையாணி அடித்து முடித்ததும் மூட்டு அசையாது. மூட்டைச் சிவக்கச் சூடாக்கித் திறந்து மூடிக்கொண்டே ஆறவிட்டால் இளகிவிடும். கடைசியாக, அலகைச் சூடாக்கி உண்மையான கம்பியையே நடுவில் வைத்து அடித்துப் படியவிடுங்கள். கம்பியைப் பிடித்த நிலையில் கைப்பிடிகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், முழுதும் ஒட்டிக்கொண்டால் அழுத்த இடமிருக்காது. குறட்டுக்கு மென்னெஃகையே சொல்வதற்குக் காரணம் உண்டு. வேலை நடுவே குறடு சூடேறும், அதைத் தண்ணீரில் முக்குவீர்கள். வில் உருக்கில் செய்த அலகு அப்படி முக்கினால் கண்ணாடிபோல நொறுங்கும் பதத்துக்குப் போய்விடலாம். மென்னெஃகுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

உளியும் துளையுளியும்: செய்யுங்கள், இரும்பைத் தெரிந்து எடுங்கள்

இவற்றைச் செய்வது எளிது, தேய்ந்தால் மறுபடி அடித்துக்கொள்ளலாம், உங்கள் வேலைக்கு வேண்டிய வடிவம் கடையில் கிடைக்காமலும் போகலாம். அதனால் செய்வதே சரி. கேள்வி எந்த இரும்பில் என்பதுதான்.

வண்டிகளின் கமான் பட்டையிலும் சுருள்வில்லிலும் கார்பன் ஏறக்குறைய 0.6 சதவீதம் இருக்கும். உளிக்கு அது போதும். சுருள்வில்லை நீட்டினால் உருண்டைக் கம்பி கிடைக்கும், துளையுளிக்கு அதுவே வாகு. பழைய வில்லில் உள்ள குறை, ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த களைப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கக்கூடும் என்பது. தேய்ந்த அரத்தில் கார்பன் இன்னும் அதிகம், 1 சதவீதத்தைத் தாண்டும். அடிபடும் கருவிக்கு அது மிக மொறமொறப்பு. கட்டிடக் கம்பியில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. நூறு அடி தாங்கவேண்டிய கருவி என்றால் ரகம் தெரிந்த புதிய வில் உருக்குக் கம்பி ஒரு மீட்டர் வாங்குவது பழையதைத் தேடி அலைவதைவிட மலிவாகவே முடியும். பயிற்சிக்கான மென்னெஃகுக் கம்பியையும் அப்படித்தான் புதிதாக வாங்குவேன். பழக்கமில்லாத கைக்குப் பெயர் தெரியாத இரும்பு கூடுதல் தொல்லை. இரண்டு பக்கமும் மூடிய குழாய், வண்டியின் அதிர்வுதாங்கி, குரோம் பூசிய கம்பி ஆகியவை உலைப் பக்கமே வரக்கூடாது.

சூட்டு வேலைக்கான உளியும் குளிர் வேலைக்கான உளியும் வேறு வேறு. காய்ந்த இரும்பை வெட்டும் உளிக்கு மெல்லிய விளிம்பு போதும். அதற்குத் தோய்ச்சல் கொடுத்து, அதாவது சூடாக்கிச் சட்டென முக்கிக் கெட்டியாக்கிப் பயன் அதிகமில்லை, நான்கு அடியில் சூடு அதைக் கலைத்துவிடும். மூன்று நான்கு அடிக்கு ஒருமுறை, விளிம்பு சிவப்பேறுமுன் தண்ணீரில் நனைத்துக்கொண்டே அடிக்க வேண்டும்.

குளிர்ந்த இரும்பை வெட்டும் உளிக்குத்தான் முறையான தோய்ச்சல். முனையில் மூன்று செ.மீ. அளவைச் சூடாக்கிக் காந்தத்தால் தொட்டுப் பாருங்கள். 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே கொண்டுபோய், 50, 60 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கிய தாவர எண்ணெயில் நேராக இறக்குங்கள். வில் உருக்கைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடலாம். பிறகு முனையை உப்புத்தாளில் பளபளப்பாக்கி, பின்பக்கமிருந்து மெதுவாகச் சூடேற்றினால் நிறங்கள் ஓடிவரும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா, நீலம். 220 டிகிரி மஞ்சளில் நிறுத்தினால் உளி உடையும். 280 டிகிரியை ஒட்டிய ஊதாவில் நிறுத்துங்கள். சுத்தியல் படும் தலைப்பகுதிக்குத் தோய்ச்சல் வேண்டாம். அது மிருதுவாகவே இருக்கட்டும், இல்லையென்றால் சில்லு தெறித்துக் கண்ணைத் தேடும்.

வைஸ், அரம், கம்பி பிரஷ் மூன்றையும் யோசிக்காமல் வாங்கிவிடலாம். காலூன்றிய பழைய வைஸ் கிடைத்தால் அதுவே சிறந்தது, அடியை அதன் கால் தரைக்குக் கடத்திவிடும். வாங்கும்போது திருகின் மரைகளை மட்டும் பாருங்கள், தாடைகள் சற்றுத் தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. மேசையில் பொருத்தும் வார்ப்பிரும்பு வைஸை முறுக்கவும் வளைக்கவும் பயன்படுத்தலாம், அதன் மேல் ஓங்கி அடித்தால் உடையும்.

இந்த ஒப்பீட்டுக்குள் வராதவை கண்ணைக் காக்கும் கண்ணாடி, பருத்தி உடை, மூடிய தோல் செருப்பு. இவற்றில் பழையது, மாற்று, பிறகு பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. 400 டிகிரியில் இரும்பு பகல் வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரியும். தரையில் கிடக்கும் கறுப்புத் துண்டைத் தொடுமுன் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். எண்ணெயில் தோய்க்கும் நாளில் எண்ணெய்ப் பாத்திரத்துக்குப் பொருந்தும் இரும்பு மூடி ஒன்றைப் பக்கத்திலேயே வையுங்கள். எண்ணெய் பற்றிக்கொண்டால் மூடிவிட வேண்டும், தண்ணீர் ஊற்றக் கூடாது.